கையெழுத்துப் போடாத கிழவர்

2000-ஆம் வருஷம் ஜூலை மாதம் இலங்கை அரசாங்கம் கண் தெரியாத ஒரு கிழவரைப் பார்த்துப் பயந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனையிறவு படைமுகாம் ஏப்ரல் 22-ல் புலிகளிடம் விழுந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மே மாதத்திலேயே அவசரகால விதிகளைக் கடுமையாக்கி, யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகையையும் கொழும்பில் 'சண்டே லீடர்' பத்திரிகையையும் இழுத்து மூடியிருந்தார்கள். அடுத்து கை வைத்தது ஒரு சினிமாப் படத்தின் மேல். தணிக்கைக் குழு சரி என்று சொன்ன படம். வெளியீட்டுக்குத் தயாராக இருந்த படம். போர் நிலைமை சரியாகும்வரை தியேட்டரில் போடக் கூடாது என்று உத்தரவு.

படத்தின் பெயர் 'புரஹந்த களுவர'. சிங்களப் படம். தமிழில் 'பௌர்ணமி இருட்டு' என்று சொல்லலாம். இயக்கியவர் பிரசன்ன விதானகே. 1997-ல் எடுத்தது. பணம் போட்டது ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம். போர்ப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். போர்முனையைக் காட்டவே மாட்டார்கள். சண்டைக் காட்சி கிடையாது. ஒரு வறண்ட கிராமம், ஒரு பாதி கட்டிய வீடு, தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய், தடி ஊன்றி நடக்கும் ஒரு கிழவர். அவ்வளவுதான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. 'பி.காம். படிக்கிற ஆளுக்கு சிங்களப் படம் எதுக்கு?' என்று வகுப்பில் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்தால் தெரியும். அது முழுக்க முழுக்க ஒரு படிவத்தையும் ஒரு கையெழுத்தையும் பற்றிய கதை. எங்கள் துறை சமாச்சாரம்!

முதலில் கொஞ்சம் வரலாறு. நம் பக்கத்தில் இலங்கைப் போர் என்றால் 1983 ஜூலை தெரியும், 1987 அமைதிப்படை தெரியும், 2009 முள்ளிவாய்க்கால் தெரியும். விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் முகாம்களும் தெரியும் (2021-லிருந்து அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர்). இடையில் உள்ள தொண்ணூறுகள்தான் நமக்கு மங்கலாக இருக்கிறது. 1994 நவம்பரில் சந்திரிகா குமாரதுங்க சமாதானம் கொண்டுவருவேன் என்று சொல்லி ஜனாதிபதி ஆனார். பேச்சுவார்த்தை 1995 ஏப்ரலில் முறிந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு அவர் அரசு வைத்த பெயர் 'சமாதானத்துக்கான போர்'. 1995 டிசம்பரில் ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. 1996 ஜூலை 18-ல் புலிகள் முல்லைத்தீவு முகாமைத் தாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் அந்த ஒரு சண்டையில் போனார்கள். 1997 மே மாதம் 'ஜயசிக்குறு' என்ற பெயரில் வன்னிக்குள் ராணுவம் இறங்கி, ஒன்றரை வருஷம் அங்கேயே மாட்டிக்கொண்டது.

இந்த ராணுவத்தில் சேர்ந்த பையன்கள் யார்? பெரும்பாலும் அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் பக்கத்து ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். மழை இல்லை, குளத்தில் தண்ணீர் இல்லை, நெல் இல்லை. மாதா மாதம் சம்பளம் தரும் ஒரே இடம் ராணுவம். அக்கா தங்கச்சி கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் சேர்ந்தவர்கள் ஏராளம். சேர்ந்த பிறகு ஓடிப்போனவர்களும் ஆயிரக்கணக்கில். அரசாங்கம் திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்துக் கூப்பிட வேண்டியிருந்தது. செத்தவர்கள் பெட்டியில் திரும்பினார்கள். பல பெட்டிகள் சீல் வைத்து வந்தன. திறக்கக் கூடாது என்று உத்தரவோடு.

சீல் வைத்த பெட்டி ஒன்றும் இலங்கையின் கண்டுபிடிப்பு இல்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் ரஷ்யா சண்டை போட்ட காலத்தில் (1979-89) பையன்கள் துத்தநாகப் பெட்டிகளில் திரும்பினார்கள். அதையும் திறக்க விடவில்லை. அந்தத் தாய்மாரின் பேச்சைத் தொகுத்து ஸ்வெத்லானா அலெக்சியேவிச் எழுதிய புத்தகத்துக்கே அந்தத் துத்தநாகம்தான் பெயர். அதற்காக அவர்மேல் கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். 2015-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

கிழவர் பெயர் வன்னிஹாமி. கண் தெரியாது. மகன் பண்டார ராணுவத்தில் இருக்கிறான். அவன் அனுப்பும் பணத்தில்தான் அந்த வீடு செங்கல் செங்கலாக எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் பெட்டி வருகிறது. தேசியக்கொடி போர்த்தி, சீல் வைத்து. ஊரே கூடி அழுகிறது. அடக்கம் நடக்கிறது. வன்னிஹாமி மட்டும் அழவில்லை. மகன் செத்துவிட்டான் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக யாரோடும் சண்டையும் போடவில்லை. ராணுவத்தைத் திட்டவில்லை, அரசாங்கத்தைத் திட்டவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு கடிதம் வருகிறது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பண்டாரவிடமிருந்து. சாவதற்கு முன் போட்ட கடிதம் தபாலில் தாமதமாக வந்திருக்கிறது என்கிறது ஊர். கிழவருக்கோ அது சாட்சி.

இதற்கு நடுவில்தான் படிவம். இறந்த படைவீரனின் குடும்பத்துக்கு அரசாங்கம் நஷ்டஈடு தரும். நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி அங்கே கிராம சேவகர். அவர் படிவத்தோடு வருகிறார். தகப்பன் கையெழுத்துப் போட்டால் பணம் வரும். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பணம் வேண்டும். கடன் இருக்கிறது. இறந்தவனுக்காக பிக்குகளுக்குத் தானம் கொடுக்க வேண்டும். இளைய மகள் சுனந்தாவுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். வீடு பாதியில் நிற்கிறது. ஒருவர்கூட கெட்டவர் இல்லை. கிராம சேவகர்கூட வில்லன் இல்லை, அவர் அவருடைய வேலையைச் செய்கிறார். எல்லோரும் கிழவரிடம் நயமாகத்தான் பேசுகிறார்கள். 'போனவன் போய்ட்டான், இருக்கிறவங்களைப் பாருங்க' என்கிற மாதிரி. நம் வீடுகளில் கேட்காத பேச்சா?

அவர் போடவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஆடிட்டிங் பாடம்தான் ஞாபகம் வந்தது. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது. பணம் கொடுத்தேன் என்று நான் எழுதினால் போதாது. வாங்கினேன் என்று எதிராளி ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும், தொகை பெரிதானால் ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்ததும் கணக்கு முடிந்தது. இனிமேல் அவன் எதுவும் கேட்க முடியாது. நஷ்டஈட்டுப் படிவமும் ஒரு வகையில் ரசீதுதான். தகப்பன் அதில் வாங்கிக்கொள்வது பணத்தை மட்டும் இல்லை, மகனின் சாவையும் சேர்த்து. 'நீங்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுக்கிறார். படிக்கத் தெரியாத, பார்க்கத் தெரியாத ஒரு கிழவருக்கு இது புரிந்திருக்கிறது. ராணுவத்தின் பேரேட்டில் ஒரு கணக்கை மூட முடியாமல் அவர் திறந்தே வைத்திருக்கிறார்.

கடைசியில் அவர் போய் மகனின் குழியைத் தோண்டுகிறார். முதலில் தனியாக, தடவித் தடவி. பெட்டியைத் திறந்தால் உள்ளே உடம்பு இல்லை. வாழைத்தண்டும் கல்லும். (கதையைச் சொல்லிவிட்டானே என்று நினைக்க வேண்டாம். கதை தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது. நான் இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் நிறைய கவனித்தேன்.)

பெட்டிக்குள் மகன் இல்லை என்பதால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகிவிடாது. படம் அதைச் சொல்வதும் இல்லை. அரசாங்கம் பொய் சொல்லியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. முல்லைத்தீவு மாதிரி சண்டைகளில் உடல்கள் கிடைக்காமலே போயின, கிடைத்தாலும் அடையாளம் தெரியாமல் போயின. ஊருக்கு ஏதாவது ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் எடைக்கு எடை ஏதோ ஒன்று. இதை எழுதும்போதே கொஞ்சம் நடுங்குகிறது.

இந்தப் படத்தைக் கவிதை என்று விமர்சகர்கள் சொல்வார்கள். எனக்குக் கவிதை பற்றிப் பெரிதாகப் பேசத் தெரியாது. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு சொல்ல முடியும். கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. ஆள் வந்து, நடந்து, கடந்து போகும்வரை காத்திருக்கிறது. வசனம் மிகக் குறைவு. பின்னணி இசை போட்டு நம்மை அழ வைக்கும் வேலையே இல்லை. கண் தெரியாதவரின் வேகத்தில்தான் படம் நகர்கிறது. அவர் தடியைத் தட்டிக்கொண்டு கரைமேல் நடந்து வரும்போது, அடுத்த அடி எங்கே விழும் என்று நாமும் அவரோடு சேர்ந்து கவனிக்கிறோம். ஐந்து நிமிஷத்தில் 'ஸ்லோவா போகுதே' என்று தோன்றும், அரை மணி நேரத்தில் நம் மூச்சே அந்த வேகத்துக்கு வந்துவிடும்.

அந்த வற்றிய குளத்தை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயும் சுற்றுப்பட்டுக் கண்மாய்களும் கோடையில் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று பார்த்தவர்களுக்கு, வட மத்திய மாகாணத்துக் கிராமம் ஒன்றும் வெளிநாடு இல்லை. அங்கேயும் கண்மாய் நிறைந்தால்தான் நெல். நெல் இருந்தால் பையன் ஏன் பட்டாளத்துக்குப் போகிறான்? படம் இதை வசனமாகச் சொல்லவில்லை. மகனைப் பற்றிப் பேசும் காட்சிகளுக்குப் பின்னால் அந்த வெடித்த மண்ணை வைத்துவிடுகிறது.

பௌர்ணமியும் அப்படித்தான். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' நாள், அரசு விடுமுறை. புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது எல்லாம் வெசாக் பௌர்ணமியில் என்பது நம்பிக்கை. அன்றைக்குச் சாராயக்கடை, இறைச்சிக்கடை திறக்க மாட்டார்கள். உயிர்க்கொலை கூடாத நாள். படத்தின் தலைப்பு அந்தப் பௌர்ணமிக்கு இருட்டு என்று பேர் வைக்கிறது. சிங்கள பௌத்த ரசிகர் ஒருவருக்கு இது எவ்வளவு சுருக்கென்று குத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வன்னிஹாமியாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. 1927-ல் பிறந்து 2011-ல் இறந்தார். ஆரம்பத்தில் காமெடி நடிகர். 1971-ல் 'வெலிகதர' படத்தில் கோரிங் முதலாளி என்கிற வில்லனாக நடித்துப் பெரும் பேர் வாங்கியவர். நம் நாகேஷை நினைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைத்த ஒரு முகம், எழுபது வயதில், ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது இந்த நடிப்பு. இயக்குநர் பிரசன்ன விதானகே 1962-ல் பாணந்துறையில் பிறந்தவர். நாடகத்திலிருந்து வந்தவர். 1986-ல் அவர் சிங்களத்தில் மேடையேற்றியது பெர்னார்ட் ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் த மேன்'. அதில் வரும் போர்வீரன் தோட்டாவுக்குப் பதிலாக சாக்லேட் எடுத்துக்கொண்டு போவான். ஆக, பட்டாளத்தைப் பற்றிய சந்தேகம் அவருக்குப் பழையது.

இனி தடை விஷயம். இலங்கையில் அப்போது சினிமா விநியோகத்தில் அரசின் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம்தான் ராஜா. படங்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். 1997-ல் முடிந்த படத்துக்கு 2000-ல்தான் முறை வந்தது. இதற்குள் வெளிநாட்டில் படம் பேர் வாங்கிவிட்டது, பிரான்ஸில் ஆமியென் திரைப்பட விழாவில் முதல் பரிசு. முறை வந்த நேரம்தான் ஆனையிறவு விழுந்த நேரம். படைகளுக்கு ஆள் சேர்க்க அரசாங்கம் திண்டாடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தகப்பன் கேட்க ஆரம்பித்தால்? அந்தக் கோணத்தில் பார்த்தால் அமைச்சருடைய பயம் நியாயமான பயம்தான். கிழவருடைய பலத்தை ரசிகர்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவர்கள் ஆட்சியாளர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரசன்ன உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், அடிப்படை உரிமை மனுவோடு. 2001-ல் தீர்ப்பு வந்தது. தணிக்கைக் குழு அனுமதித்த படத்தை இப்படி நிறுத்தியது அவருடைய கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது, திரையிடச் சொன்னது. படம் வந்தது. கூட்டமும் வந்தது. நத்தை மாதிரி நகரும் ஒரு படத்துக்கு! ஒரு வருஷம் தள்ளிப்போட்டு அரசாங்கமே இலவசமாக விளம்பரம் செய்து கொடுத்திருந்ததே.

இப்போது கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய் வரலாம். இந்த மாதிரிப் படம் என்றதும் பலரும் சொல்வது டெரன்ஸ் மாலிக் 2019-ல் எடுத்த 'எ ஹிடன் லைஃப்'. ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற கிராமத்து விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர். ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்றார். ஊர்க்காரர்கள், பாதிரியார், வக்கீல் எல்லோரும் கெஞ்சினார்கள். கேட்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9-ல் தலையை வெட்டினார்கள். 2007-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளர் ஆக்கியது. மாலிக்கின் படமும் வயலும் புல்லும் மேகமுமாக ஒரு கவிதைதான். அங்கேயும் வலி ஊர்க்காரர்களிடமிருந்துதான் வருகிறது.

ஆனால் எனக்கு வன்னிஹாமிதான் ஒரு படி கஷ்டமான ஆள். யேகர்ஸ்டெட்டருக்குத் தான் எதை எதிர்க்கிறோம் என்று தெரியும், அதற்கு வேதத்தில் பிடிமானம் இருந்தது. 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கி, வினோபா பாவேவை முதல் ஆளாக அனுப்பினார். யுத்தத்துக்கு ஆளும் பணமும் கொடுக்க மாட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிச் சிறை போனார்கள். அவர்களுக்கும் கொள்கை தெரியும், பின்னால் ஒரு இயக்கம் இருந்தது. வன்னிஹாமிக்கு இது எதுவும் கிடையாது. அவர் போருக்கு எதிரி என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் மகனே துப்பாக்கி ஏந்தியவன். அவன் வடக்கில் யாரைச் சுட்டான், யார் வீட்டை எரித்தான் என்ற கேள்வி அந்தக் கிராமத்துக்குள் நுழையவே இல்லை. தமிழ் வாசகராக எனக்கு அந்த இடம் உறுத்தியது. இயக்குநருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் அடுத்தடுத்த படங்களில் அந்தக் கதவைத்தான் திறந்துகொண்டே போனார்.

2003-ல் வந்த 'இர மதியம'வில் மூன்று கதைகள். அதில் ஒன்று 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு நேர்வது. 2012-ல் 'ஒப நதுவா ஒப எக்கா'. தாஸ்தயெவ்ஸ்கியின் ஒரு குறுங்கதையை எடுத்து மலையகத்தில் வைத்தார். ஒரு சிங்கள அடகுக் கடைக்காரர், நகை அடகு வைக்க வரும் செல்வி என்ற தமிழ்ப் பெண். கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது, அவர் முன்னாள் ராணுவச் சிப்பாய்.

இந்தப் படம் 2014 ஜூனில் இந்தியாவில் வெளியானது. சென்னையில் மிரட்டல் வந்து காட்சிகளை நிறுத்தினார்கள். சிங்களவன் படம் இங்கே ஓடக் கூடாது என்பது காரணம். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2009 நடந்து ஐந்து வருஷம். 2013 மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து, தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் ஸ்தம்பித்தன. அந்த வருஷம் ஐ.பி.எல்.-லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியவில்லை. ஆனாலும் இந்தப் படத்தை நிறுத்தியது தவறு என்பதுதான் என் கருத்து. சிங்களச் சிப்பாய் ஒருவன் தமிழ்ப் பெண் முன்னால் குற்றவாளியாக நிற்கும் படம் அது. கொழும்பில் 2000-ல் சொன்ன காரணமும் சென்னையில் 2014-ல் சொன்ன காரணமும் நேர் எதிரானவை. இரண்டுமே ஒரே ஆளின் வாயைத்தான் அடைத்தன. (அவருடைய 'பாரடைஸ்' படத்தை 2024-ல் மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கியது. பத்து வருஷத்தில் இவ்வளவாவது மாறியிருக்கிறது.)

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு உண்மையான காரணம் இனிதான் வருகிறது. அந்தப் படிவம் சினிமாவோடு முடியவில்லை.

இலங்கையில் காணாமல் போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் தெருவில் இறங்குவது பழைய கதை. யாழ்ப்பாணத்தில் 1984-ல் அன்னையர் முன்னணி தொடங்கியது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது (1987-89) பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள், 1990-ல் அங்கேயும் தாய்மார் முன்னணி எழுந்தது. அதை முன்னின்று நடத்திய இரண்டு எம்.பி.க்கள் மகிந்த ராஜபக்சவும் மங்கள சமரவீரவும். அந்த வருஷம் காணாமல் போனவர்களின் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு மகிந்த ஜெனீவாவுக்குக் கிளம்பினார், விமான நிலையத்தில் போலீஸ் பறித்துக்கொண்டது. ஆமாம், அதே மகிந்த. 2009-ல் ஜனாதிபதியாக இருந்தவர். இதற்கு மேல் நான் என்ன எழுத?

போர் முடிந்ததும் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வழிசெய்யும் தற்காலிகச் சட்டம். மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கை எடுக்க முடியாது, நிலத்தை மாற்ற முடியாது, மறுமணம் முடியாது. (நம் சாட்சியச் சட்டத்தில் ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று படித்திருக்கிறோமே, அதே பிரச்சினைக்கு அங்கே ஒரு குறுக்குவழி.) நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வாங்க மறுத்தன. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, 'செத்தார்' என்று சொல்லாமல் 'காணக் கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போடாத ஆட்களுக்காக ஒரு நாட்டின் சட்டமே இறங்கி வந்த இடம் இது. அதே 2016-ல் செஞ்சிலுவைச் சங்கம் வெளியிட்ட அறிக்கையின்படி அவர்களிடம் பதிவான காணாமல் போனவர்கள் 16,000-க்கும் மேல். அதில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் படையினர். அதாவது, பண்டாரக்கள்.

2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்று பரவியது. கடைசி நாள்களில் ராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்பது அவர்களில் பலருடைய கேள்வி. புலிகள் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். விசாரணைக்குப் பிறகு மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒரு தொகையை அறிவித்தது. குடும்பத்துக்கு இலங்கை ரூபாயில் ஒரு லட்சம், ஒரே தடவை. வேண்டாம் என்றார்கள் போராட்டத்தில் இருந்த தாய்மார். பணம் கேட்டு உட்காரவில்லை, பிள்ளை எங்கே என்று கேட்டு உட்கார்ந்தோம் என்பது அவர்கள் பதில்.

வன்னிஹாமியையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் மகன் சம்பளம் வாங்கிய சிப்பாய். இவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படுவதே அந்தப் பட்டாளம்தான். ஆனால் மேசையின் இந்தப் பக்கம் நிற்பவர் சிங்களத் தகப்பனாக இருந்தாலும் தமிழ்த் தாயாக இருந்தாலும், அந்தப் பக்கமிருந்து நீட்டப்படும் படிவம் ஒன்றேதான். நீட்டுகிறவர்கள் குரலும் அதே நயமான குரல்தான்.

2022 ஆகஸ்டில் அந்தப் போராட்டம் 2,000 நாள்களைத் தாண்டியது. உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தாய் தகப்பன்மார் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். வறுமை தாங்காமல் சான்றிதழோ பணமோ வாங்கிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தில் சுனந்தாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்கும் வராது. அப்பாவை மீறிப் பேச முடியாமல், அண்ணன் செத்துவிட்டான் என்று நம்பவும் முடியாமல், அந்தப் பணம் வந்தால்தான் தன் வாழ்க்கை நகரும் என்று தெரிந்தபடி, பாதி கட்டிய சுவருக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் காட்சிகள் படத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன.